ஓரியின் அம்பும் ஒரு டாக்டரின் தோட்டாவும்

முசிறியிலிருந்து துறையூர் போகும் சாலையில் கொஞ்ச தூரம் போனால், மழை விட்ட காலை வேளைகளில், வடமேற்கே கொல்லிமலை நீலமாகத் தெரியும். அந்த மலைக்குச் சொந்தக்காரன் ஓரி, வல்வில் ஓரி. அவன் விட்ட அம்பு ஒன்றே ஒன்றுதான். அது யானையைச் சாய்த்தது, புலியைக் கொன்றது, மானை உருட்டியது, பன்றியைக் கிடத்தியது, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் மேல் போய்த் தைத்து நின்றது. வன்பரணர் என்ற புலவர் புறநானூற்றில் 152-ஆம் பாட்டில் இதைச் சொல்லியிருக்கிறார்.

சிறு வயதில் இதை அப்படியே நம்பினேன். வயதான பிறகும், கதை எழுதுகிறவன் என்ற முறையில், நம்பாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே அம்பு, ஐந்து பிராணிகள் என்பதில் இருக்கிற ஆனந்தம் கணக்குப் பார்க்கிற ஆனந்தம் அல்ல. ஆனால் அந்த ஆனந்தமே ஒருநாள் என் காலை வாரிவிட்டது. அந்தக் கதையையும், அதன் விளைவாக நான் படித்த ஒரு விசித்திரமான புஸ்தகத்தைப் பற்றியும்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் பத்திரிகை ஒன்றில் என் சிறுகதை வந்தது. பச்சைமலையடிவாரத்து வேட்டைக்காரன் ஒருவனைப் பற்றியது. 1920-களில் நடப்பதாக வைத்திருந்தேன். மகனைத் தூக்கிக்கொண்டு போன சிறுத்தையை அவன் நிலா வெளிச்சத்தில், முந்நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு பாறையின் மேல் பார்க்கிறான். தானே மருந்து கிட்டித்த நாட்டுத் துப்பாக்கியைத் தூக்குகிறான். ஒரே வெடி. குண்டு இரண்டு கண்ணுக்கும் நடுவில் பாய்கிறது. கதை பலருக்குப் பிடித்திருந்தது. நாலைந்து பேர் கடிதம் எழுதினார்கள். கண்ணீர் வந்ததாக ஓர் அம்மாள் எழுதியிருந்தார்.

எங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். காவிரிக் கரையில் காலையில் நடக்கும்போது என்னோடு சேர்ந்துகொள்வார். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அவரே ஆரம்பித்தார்.

"கதை படிச்சேன், ஸார். ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கோ."

"அந்த ஆள் இதுக்கு முன்னாடி அந்தத் துப்பாக்கியால எத்தனை தடவை சுட்டுப் பார்த்திருக்கான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வேட்டைக்காரன் என்றால் பலமுறை சுட்டிருப்பான் என்று மழுப்பினேன்.

"நாட்டுத் துப்பாக்கிக் குழலுக்குள்ளே புரி ஏது, ஸார்? ஐம்பது கஜம் தாண்டினா குண்டு எங்கே போகும்னு அதுக்கே தெரியாது. மருந்தும் கைக்கு வந்த அளவு. முந்நூறு கஜத்துல, ராத்திரியில, கண்ணுக்கு நடுவுல... பட்டிருக்கலாம். லாட்டரி விழறதில்லையா? ஆனா நீங்க அதை லாட்டரின்னு சொல்லலையே. அவன் துக்கத்தோட பலம்னு சொல்லிட்டீங்க."

இந்த மாதிரி விமர்சனத்தை எந்த விமர்சகரும் எனக்குச் செய்ததில்லை. வாக்கிய அமைப்பு, பாத்திரப் படைப்பு, சமுதாய நோக்கு என்று எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். 'இது அதிர்ஷ்டம், இதைப் போய் நீ குணம் என்று விற்றுவிட்டாய்' என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

மறுநாள் அவர் ஒரு தடித்த ஆங்கிலப் புஸ்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். 1909-ல் அமெரிக்காவில் வெளிவந்த நூலின் மறுபதிப்பு. 'மருந்திலிருந்து இலக்கு வரை குண்டின் பிரயாணம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் பிராங்க்ளின் மான் என்ற டாக்டர்.

புஸ்தகத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், என்னைப் போலத் துப்பாக்கியைச் சினிமாவில் மட்டும் பார்த்த வாசகர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சுபேதார் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும்தான்.

தோட்டா என்பதில் நான்கு சாமான்கள் இருக்கின்றன. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தருகிற கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. தொழிற்சாலையில் இதை லட்சக்கணக்கில் செய்கிறார்கள். எந்தத் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். ஆயத்தச் சட்டை மாதிரி. எல்லோருக்கும் பொருந்தும், ஒருவருக்கும் கச்சிதமாக இராது. குறிபார்த்துச் சுடுவதையே விரதமாகக் கொண்டவர்கள் சில தேசங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது போதாது. தங்கள் துப்பாக்கிக்குத் தாங்களே தோட்டா கட்டிக்கொள்கிறார்கள். ஒருமுறை சுட்ட பித்தளைக் கூடு அந்தத் துப்பாக்கியின் அறைக்குத் தகுந்தபடி விரிந்துகொடுத்திருக்கும். அதையே சுத்தம் செய்து, மறுபடி மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை ஒரே ஆழத்தில், துளிக்கூடச் சாயாமல் செருகுவார்கள்.

நிறுப்பது என்றேனே, அதன் நுணுக்கத்தைக் கேளுங்கள். அவர்களுடைய நிறை கிரெய்ன். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நம் பத்தர்கள் தராசில் போடும் குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெய்ன் இருக்கும். இவர்கள் ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறார்கள். அதாவது ஒரு குன்றிமணியை இருபது கூறாக்கினால் வருகிற ஒரு கூறு!

எதற்கு இத்தனை சிரமம்? வெடிக்கும்போது துப்பாக்கிக் குழல் அதிர்கிறது. தம்பூராத் தந்தியைப் போல அதற்கென்று ஓர் அதிர்வு உண்டு. அதன் நுனி எந்த நிலையில் இருக்கும்போது குண்டு வெளியேறுகிறது என்பதைப் பொறுத்து அது போகும் திசை மயிரிழை மாறுகிறது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி. பக்கத்து வீட்டுத் துப்பாக்கிக்குப் பிடித்த மருந்து இந்தத் துப்பாக்கிக்குப் பிடிக்காது. அந்த ருசியைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். காப்பிப் பொடி, தண்ணீர், பில்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, காப்பி நன்றாக இருக்கிறது என்றால், எதனால் நன்றாக இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஒரு குண்டு நடுப்புள்ளியில் பட்டதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. ஒரே மாதிரியான ஐந்து தோட்டாக்களை ஒரே காகிதத்தில் சுடுகிறார்கள். ஐந்து துளைகளும் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்று அளக்கிறார்கள். இதற்குக் 'குரூப்பு' என்று பெயர். நாம் கொத்து என்று சொல்லிக்கொள்ளலாம். நூறு கஜத்தில் ஐந்தும் ஓர் அங்குலத்துக்குள் அடங்கினால் நல்ல துப்பாக்கி, நல்ல தோட்டா. கொத்து நடுப்புள்ளியை விட்டுத் தள்ளி விழுந்தாலும் கவலையில்லை. குறிமுள்ளைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஒன்று நடுவிலும், ஒன்று மேலும், ஒன்று ஓரத்திலுமாகச் சிதறினால், நடுவில் விழுந்த குண்டுக்கு மதிப்பே இல்லை. அது தற்செயல்.

நம் தேசத்தில் இதெல்லாம் கைத்தொழிலாகச் செய்யக்கூடிய காரியம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். மருந்தளவில் கொஞ்சம் தவறினால் குழல் வெடித்துக் கண் போகும், உயிரும் போகும். ஆகவே யாரும் சமையலறையில் பரீட்சை செய்துவிட வேண்டாம். நமக்கு வேண்டியது அந்த மனப்பான்மை மட்டுமே.

இனி டாக்டர் மான். 1856-ல் பிறந்து 1916-ல் இறந்தவர். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் மில்போர்டு என்ற ஊர்க்காரர். வைத்தியம் படித்தவர், ஆனால் கோழித் தீனிக்காக எலும்பு நறுக்கும் யந்திரம் செய்து விற்றுப் பணம் சேர்த்தவர். அந்தப் பணத்தையும் தம் ஆயுளில் நல்ல பகுதியையும் ஒரே ஒரு கேள்விக்குச் செலவழித்தார். ஒரே குழலில், ஒரே மருந்தில், ஒரே மாதிரிக் குண்டைச் சுட்டால், அது ஏன் ஒரே துளையில் போய் விழுவதில்லை?

புஸ்தகத்தின் உபதலைப்பே என்னைச் சிறிது நேரம் மேலே படிக்கவிடாமல் நிறுத்திவிட்டது. 'ஆளின் பங்கை நீக்கிவிட்டுச் செய்த ஆராய்ச்சி' என்ற கருத்தில் ஒரு தொடர் அதில் இருக்கிறது. சுடுகிறவனின் கை நடுங்கும், மூச்சு இரைக்கும், கண் ஏமாற்றும். ஆகையால் முதலில் சுடுகிறவனை அப்புறப்படுத்தினார். பூமிக்குள் ஆழமாக இறக்கிய கான்கிரீட் தூண் ஒன்றைக் கட்டினார். அதன்மேல் 'வி' வடிவத்தில் ஒரு பள்ளத் தாங்கி. அதில் குழலைக் கிடத்திச் சுட்டார். தூணுக்கு ஜிப்ரால்டர் என்று பெயர் வைத்தார். புஸ்தகம் முழுவதிலும் இந்த மனிதர் ஹாஸ்யமாக இருக்கிற இடங்கள் சொற்பம். அவற்றில் இது ஒன்று.

காற்று தள்ளுகிறதோ என்ற சந்தேகம் வந்தது. குண்டு போகிற பாதையையே மூடிச் சுரங்கம் மாதிரி ஆக்கினார். குண்டு நேராகப் போகிறதா, சுழன்று சுழன்று போகிறதா என்று தெரிய வேண்டும். வழி நெடுகக் காகிதத் திரைகளைக் கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொரு திரையிலும் விழுந்த துளையைப் பார்த்தால் குண்டு எங்கே சாய்ந்தது, எங்கே நிமிர்ந்தது என்று அதன் ஜாதகம் தெரிந்துவிடும். குழல் சரியில்லையோ? அந்நாளில் குழல் செய்வதில் பெரிய பெயர் எடுத்த ஹாரி போப்பின் குழல்களை வாங்கிப் பார்த்தார்.

பிறகு ஒன்று செய்தார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. நல்ல குண்டுகளை எடுத்து, வேண்டுமென்றே ஊனப்படுத்தினார். சிலவற்றின் மூக்கைச் சிதைத்தார். சிலவற்றின் அடிப்பாகத்தைச் சிதைத்தார். மூக்கு உடைந்த குண்டுகள் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. அடி பழுதான குண்டுகள் பார்க்க லட்சணமாக இருந்தன; தறிகெட்டுப் பறந்தன. காரணம் எளிது. குழலை விட்டு வெளியேறும் கணத்தில், பின்னாலிருந்து தள்ளுகிற வாயு கடைசியாக விட்டுப் பிரிவது குண்டின் அடியைத்தான். அடி ஒருபுறம் குறைந்திருந்தால் வாயு அந்தப் புறம் முதலில் கசிந்து குண்டைச் சாய்த்துவிடும். அதோடு, குண்டின் எடைமையம் அதன் அச்சை விட்டு விலகியிருந்தால், குழலை விட்டதும் அது தன் போக்கில் போக ஆரம்பித்துவிடும்.

இதைப் படித்ததும் புஸ்தகத்தை மூடிவிட்டு என் கதையை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் எழுத்தாளர்கள் கதையின் மூக்கைச் சீவுவதில் எவ்வளவு காலம் கழிக்கிறோம்! முதல் வாக்கியத்தை எத்தனை தரம் மாற்றுகிறோம்! வாசகன் கண்ணில் முதலில் படுவது அதுதானே. அடிப்பாகத்தை, பார்வைக்கு வராத அந்தக் காரணகாரியத்தைத் தடவிப் பார்க்கிறோமா? என் வேட்டைக்காரக் கதையின் ஆரம்பம் நன்றாகவே இருந்தது. அடி உடைந்த குண்டு அது.

ஓர் இலக்கிய நூலாக மானின் புஸ்தகத்தை மதிப்பிட்டால், குறைகள் ஏராளம். நடை கரடுமுரடு. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அட்டவணைகள் நடுவில் வாசகன் மூச்சு முட்டிப் போகிறான். இருபது பக்கத்துக்கு ஒரு மனித முகம் தென்படுவதில்லை. கதைப் பிரியர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். செய்தால் என்மேல் கோபிப்பார்கள்.

ஆனாலும் நான் கடைசிவரை படித்தேன். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த மனிதர் தோற்றுப்போன பரீட்சைகளை மறைக்கவில்லை. ஜயித்ததைப் பெரிய எழுத்திலும் தோற்றதைப் பொடி எழுத்திலும் போடவில்லை. இப்படி நினைத்தேன், இவ்வளவு நாள் பாடுபட்டேன், நினைத்தது தப்பு என்று எழுதிவிட்டு அடுத்த பரீட்சைக்குப் போகிறார். இந்தக் குணம் நாவலாசிரியர்களிடத்தில் அபூர்வம். சுயசரிதைக்காரர்களிடம் இல்லவே இல்லை என்று சொல்லலாம்.

இந்தக் கண்ணோடு நான் முன்பு படித்த வேட்டை நூல்களைத் திருப்பிப் பார்த்தேன். ஜிம் கார்பெட் எழுதிய 'குமாவும் புலிகள்' 1944-ல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழிலும் படித்தவர்கள் இருப்பார்கள். அதில் முதல் கதை, 1907-ல் சம்பாவத் என்ற இடத்தில் அவர் சுட்ட பெண்புலியைப் பற்றியது. நானூறு பேருக்கு மேல் தின்ற புலி என்று கணக்கு. பெரிய வீரகாவியம் பாடுவதற்கு இடம் இருக்கிறது. கார்பெட் என்ன செய்கிறார்? தாம் மூன்றே மூன்று தோட்டாக்களைக் கொண்டு வந்திருந்ததாகச் சொல்கிறார். இரண்டு போதும், மூன்றாவது ஆபத்துக்கு என்று நினைத்தாராம். மூன்றும் தீர்ந்துபோகின்றன, புலி சாகவில்லை. ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வருகிறார். இருபதடி தூரத்தில் புலி. துப்பாக்கியைத் தூக்கும்போதுதான் பார்க்கிறார், குழலுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி! வெடித்தால் தம் கண் போகலாம் என்று தெரிந்தே, புலியின் திறந்த வாய்க்குக் குறிவைத்துச் சுடுகிறார். குண்டு வாயில் படவில்லை. முன்னங்கால் பாதத்தில் பட்டது. பின்னால் அதை நகத்தாலேயே தோண்டி எடுத்துவிட்டாராம். புலி அதற்கு முன்பட்ட காயங்களால் ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தது. அந்தத் தட்டு போதுமானதாக இருந்தது.

இருபதடியில் குறி தவறியதை இவர் சொல்லாமல் இருந்திருந்தால் யார் கண்டுபிடித்திருக்கப் போகிறார்கள்? வாயில் பட்டது என்று எழுதியிருக்கலாம், நான் எழுதியிருப்பேன். எட்டில் மூன்று பங்கு இடைவெளியை அவர் எழுதினார். அந்த இடைவெளியின் வழியாகத்தான் நமக்குக் கார்பெட்டின் மேல் நம்பிக்கை பிறக்கிறது. அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் நம்புகிறோம்.

கென்னத் ஆண்டர்சன் நமக்கு இன்னும் பக்கத்து ஆசாமி. பெங்களூர்க்காரர், 1910-ல் பிறந்து 1974-ல் காலமானார். 1954-ல் வந்த அவருடைய முதல் நூலிலேயே, அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த ஜவளகிரிக் காட்டின் புலி வருகிறது. அவருடைய .405 வின்செஸ்டர் துப்பாக்கி அவர் கதைகளில் ஒரு பாத்திரம் போலவே நடமாடும். காட்டின் இரவை அவரைப் போலக் கேட்கவைத்தவர்கள் குறைவு. தவறியதையும் அவர் சொல்லாமல் இல்லை. ஆனாலும் சில கதைகளில், வர வேண்டிய நேரத்தில் ஆள் வந்துவிடுகிறான், குரைக்க வேண்டிய நேரத்தில் மான் குரைத்துவிடுகிறது, முடிய வேண்டிய பக்கத்தில் புலி விழுந்துவிடுகிறது. ஐந்து குண்டும் ஒரே துளைக்குள் போனதாகக் காட்டினால், முதலில் காகிதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று சுபேதார் சொல்வார். ஆண்டர்சனைப் படிக்கும்போது எனக்குச் சில சமயம் காகிதத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது. அவரிடம் எனக்குப் பிரியம் அதிகம். கார்பெட்டிடம் நம்பிக்கை அதிகம்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரலாம். வள்ளுவர் படைச்செருக்கில் என்ன சொல்கிறார்? முயலின் மேல் பட்ட அம்பைவிட, யானைக்கு எறிந்து தவறிய வேல் கையில் இருப்பது மேல் என்கிறாரே! பெரிதை முயன்று தோற்பது, சிறிதில் ஜயிப்பதைவிட உயர்வு. அப்படியிருக்க, காகிதத்தில் துளைகளை அளந்துகொண்டிருக்கிற டாக்டரை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

நல்ல ஆட்சேபம்தான். ஆனால் வள்ளுவரின் வீரன் தவறியதைத் தவறியது என்றே வைத்திருக்கிறான். பட்டது என்று ஊரில் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வேல் பெருமைக்குரியதாக இருப்பதே அதனால்தான். தவறிய வேலைப் பட்டதாகக் காட்டுகிற கதாசிரியனுக்கு அந்தக் குறள் அடைக்கலம் தராது.

நம் திருச்சியிலேயே ஒருவர் இருந்தார். வரகனேரி வ.வே.சு. ஐயர், 1881-ல் பிறந்தவர். லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகி, புதுச்சேரியில் வந்து தங்கி, இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கியவர் என்று அவர் சரித்திரம் சொல்கிறது. தமிழ் எழுத்தாளர்களில் துப்பாக்கியை நன்றாகத் தெரிந்தவர் யார் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். தமிழ்ச் சிறுகதையின் முதல் பேர்களில் ஒன்றான 'குளத்தங்கரை அரசமரம்' அவருடையது. அதில் துப்பாக்கி இல்லை. ஒரு மரம் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, தான் பார்த்ததைச் சொல்கிறது. துப்பாக்கி தெரியாத நாங்கள்தான் கதைக்குக் கதை வெடிக்கிறோம்.

திருச்சி இன்று துப்பாக்கிக்குப் பெயர் போன ஊர். 1966-லிருந்து அங்கே துப்பாக்கித் தொழிற்சாலை நடக்கிறது. 2022-ல் மாநில அளவிலான துப்பாக்கி சுடும் போட்டி அங்கே நடந்தபோது, சினிமா நடிகர் ஒருவர் கலந்துகொண்டதால் ஊரே திரண்டது. அபிநவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனியாக வாங்கிய முதல் தங்கம் அது. அந்தப் போட்டியில் பத்து மதிப்பெண் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். குண்டின் குறுக்களவு நாலரை மில்லிமீட்டர். இந்த வகைச் சுடுநர்கள் குண்டைத் தாங்களே செய்துகொள்வதில்லை. ஆனால் துப்பாக்கியைப் பட்டறைக் கிடுக்கியில் இறுக்கி, பல வார்ப்புக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, எந்த வார்ப்பு இந்தக் குழலுக்கு நெருங்கிய கொத்தைத் தருகிறது என்று தேர்ந்துகொள்கிறார்கள். அங்கேயும் முதல் காரியம் ஆளை நீக்குவதுதான். ஜிப்ரால்டர் தூண் இன்னும் சாகவில்லை.

இதிலிருந்து நம் இலக்கிய விமர்சனத்துக்கு ஒரு பாடம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் எழுதிய ஒரு கதை நடுப்புள்ளியில் விழுந்துவிட்டால், அவரை மேதை என்கிறோம். இன்னொருவர் ஐந்து கதைகள் எழுதுகிறார். ஐந்தும் நடுப்புள்ளியை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஆனால் ஒன்றோடொன்று நெருங்கி விழுகின்றன. அவரை ஒரே மாதிரி எழுதுகிறவர் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு இரண்டாமவரிடத்தில்தான் நம்பிக்கை. அவருக்குக் குறிமுள்ளைத் திருகினால் போதும். முதலாமவர் தாம் எப்படிச் சுட்டோம் என்று தமக்கே தெரியாமல், ஆயுள் முழுவதும் அந்த ஒரு துளையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருப்பவர்களை நான் அறிவேன். சில வருஷங்கள் நானே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை பொறுமையும், இத்தனை நேர்மையும், குன்றிமணியை இருபது கூறிடுகிற நுணுக்கமும் எதற்காக? கொல்லுகிற சாமானுக்காக. டாக்டர் மானின் புஸ்தகத்தில் அடிபடுவது பெரும்பாலும் காகிதந்தான். ஆனால் எல்லாத் துப்பாக்கிகளும் காகிதத்தோடு நிற்பதில்லை. இதை ஒருநாள் சுபேதாரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க காகிதத்தைத்தான் சுட்டிருக்கேளா?"

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வந்திருந்த சமயம். அக்கரையில் குளித்தலைப் பக்கம் யாரோ மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காகிதத்துல பட்டதை மட்டுந்தான் போய் அளந்து பார்த்திருக்கேன், ஸார்" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. என் கதைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது என்று மட்டும் வீட்டுக்கு வரும்போது நினைத்துக்கொண்டேன்.

கதையைத் தொகுதியில் சேர்க்க வேண்டிய சமயம் வந்தது. திருத்தி எழுதினேன். முந்நூறு கஜத்தை முப்பதாக்கினேன். வேட்டைக்காரன் அதற்கு முன்னால் பல நாள் ஒரு பனைமரத்தில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துச் சுட்டுப் பார்த்தான். மருந்தை அளந்து போட்டான். ஈரம் படாமல் இருக்கத் துணி சுற்றினான். முதல் வெடி தவறியது. இரண்டாவதற்கு மருந்து கிட்டிக்கிற நேரத்தில் அவன் கை எப்படி நடுங்கியது என்று ஒரு பக்கம் எழுதினேன். எனக்கே திருப்தியாக இருந்தது. அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் சுபேதாரிடம் கொடுத்தேன்.

இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்.

"துப்பாக்கி இப்போ சரியா இருக்கு, ஸார். ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"அப்பாடா!"

"ஆனா ஆளு சரியில்லை. புள்ளையைப் பறிகொடுத்தவன் இவ்வளவு ஜாக்கிரதையா மருந்து அளக்கமாட்டான். பழைய கதையில அவன் ஒரு அப்பன். இதுல அவன் ஒரு சுடறவன்."

டாக்டர் மான் ஆளை நீக்கிவிட்டு ஆராய்ந்தார். அவருக்கு அது தர்மம். குண்டு ஏன் சாய்கிறது என்று கண்டுபிடிக்க வேறு வழியில்லை. எனக்கு அந்தச் சலுகை இல்லை. நடுங்குகிற கையும், இரைக்கிற மூச்சும், ஏமாறுகிற கண்ணும்தான் என் சரக்கு. குழலைச் சரிசெய்த கையோடு அவற்றையும் தூணில் கட்டிவிட்டேன் போலிருக்கிறது. வன்பரணர் ஐந்து பிராணிகளை ஒரே அம்பில் கோத்தபோது அம்பைப் பற்றிப் பாடவில்லை, அதை விட்டவனைப் பற்றித்தான் பாடினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கதையைத் தொகுதியில் சேர்க்கவில்லை. மூன்றாம் தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுவதாக உத்தேசம்.